கோட்டை வாசலில் சொன்ன ‘போயிட்டு வரேன்’

1

போன சனிக்கிழமை என் மகளுக்கு முதல் வேலைநாள். அதைக் கெடுக்க நான் எந்தத் திட்டமும் போடவில்லை. திட்டம் போட்டுக் கெடுக்கிற அளவுக்கு எனக்குத் திறமை கிடையாது. எனக்கு எல்லாம் தானாகவே அமைந்துவிடும்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். உடையார்பாளையத்தில் பிறந்து, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் சுண்ணாம்புத் தூசியை மூக்கு நிறைய வாங்கிக்கொண்டு, பிறகு கடல் தாண்டி வந்து இங்கேயும் ஒரு சிமெண்டு ஆலையிலேயே சேர்ந்தேன். உலகம் ரொம்பப் பெரியது என்கிறார்கள். என் மூக்குக்கு அப்படித் தெரியவில்லை. அங்கே ஓடாத இயந்திரத்தைத் தட்டித் தட்டி ஓட வைத்தேன். இங்கே ஓடுகிற இயந்திரம் ஏன் ஓடுகிறது என்று அறிக்கை எழுதுகிறேன். இதற்குப் பெயர் முன்னேற்றம்.

எங்கள் ஊருக்கு நடுவில் ஒரு குன்று. அதன்மேல் அந்தக் காலத்தில் ஒரு கோட்டை இருந்ததாம். கோட்டை போய்விட்டது, கோபுரம் மட்டும் நிற்கிறது. நகராட்சிக்காரர்கள் உள்ளே மரப்படி போட்டு, உச்சியில் கம்பி கட்டி, ஒரு தொலைநோக்கியையும் நட்டு, அதை ஊர் பார்க்கிற இடமாக மாற்றிவிட்டார்கள். எதிரி வருகிறானா என்று காவலாளி பார்த்த இடத்தில் இப்போது பென்ஷன் வாங்குகிறவர்கள் நின்று, தங்கள் வீட்டுக் கூரை தெரிகிறதா என்று தேடுகிறார்கள். தெரிந்துவிட்டால் நாடே மீண்டதுபோல ஒரு சந்தோஷம்.

அந்தக் கோபுரத்தில்தான் என் மகள் கயலுக்குக் கோடை விடுமுறை வேலை. பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவளே விண்ணப்பம் எழுதினாள், அவளே நேரில் போய்ப் பேசினாள். எங்கள் உதவி இல்லாமல், எங்கள் பெயரைச் சொல்லாமல் அவள் வாங்கிய முதல் விஷயம் அது. ஆனால் சனிக்கிழமை வெறும் வெள்ளோட்டம். அன்றைக்கு ஒழுங்காக வேலை பார்த்தால் விடுமுறை முழுக்க வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவள் அறிவித்தாள். “நாளைக்கு யாரும் அங்கே வரக் கூடாது.”

இதை அவள் ஜெர்மனில் சொன்னாள். எங்கள் வீட்டில் அவள் ஜெர்மனில் பேசுவாள், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம். சாப்பாட்டு மேசைதான் எல்லைக்கோடு. குழம்பு மட்டும் இரு பக்கமும் தடையின்றிப் போய் வரும்.

“வந்தா?” என்றேன்.

“வந்தால், நீ யாரோ, நான் யாரோ.”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. போன வருடம் அவள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வகுப்பறையில் ஒரே புழுக்கம். ‘எனக்கு வெக்கையாக இருக்கிறது’ என்று ஆசிரியையிடம் சொல்வதாக நினைத்து, ‘எனக்கு’ என்ற இடத்தில் ‘நான்’ என்று போட்டுவிட்டேன். தமிழில் இந்த இரண்டும் மாறினால் தமிழய்யா மட்டும்தான் கோபித்துக்கொள்வார். ஜெர்மனில் பக்கத்தில் இருக்கிற பெண்மணிகள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்கள். நான் சொன்னதன் பொருளைக் கயல் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். குடும்பப் பத்திரிகையில் எழுதக்கூடிய பொருள் இல்லை.

2

நான் போகாமல்தான் இருந்திருப்பேன். ஆனால் வீட்டில் மச்சான் இருந்தார்.

மச்சான் என்றால் என் மனைவி அமுதாவின் அண்ணன். பெயர் ராமலிங்கம். உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம். தங்கையைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். அவரை வரவழைக்க நான் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, இந்த மனிதர் கட்டாயம் திரும்பிப் போய்விடுவார் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “நிச்சயமாகப் போய்விடுவாரா?” என்று கேட்டார். “முந்திரி பழுக்கிற காலத்தில் அவரை யாராலும் பிடித்து வைக்க முடியாது” என்றேன். அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

வந்த நாளிலிருந்து மச்சான் எங்கள் ஜன்னல் வழியாக அந்தக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது என்னாங்க மாப்ள, தலயில கலசமே இல்லாம மொட்டையா நிக்கிது?”

“கோட்டைக் கோபுரம் மச்சான். கோயில் இல்ல.”

“உள்ள சாமி?”

“இல்ல.”

“அப்பறம் எதுக்கு ஏறுறானுவோ?”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மூச்சு வாங்க ஏறினால் முடிவில் ஒரு சாமியாவது, ஒரு சுண்டலாவது இருக்கும். இங்கே ஏறிப் போனால் காற்று இருக்கிறது. அதையும் ‘நல்ல காற்று’ என்கிறார்கள்.

கோட்டை பார்ப்பதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஆர்வம் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரம்பலூர் தாண்டிச் சென்னைக்குப் போகும்போது ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். எத்தனையோ தடவை அந்தச் சாலையில் போயிருக்கிறேன். பஸ் ஜன்னலில் முகத்தை வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் “அதோ கோட்டை” என்று சொல்வேன். அவரும் “ஆமா, கோட்டை” என்பார். பிறகு இரண்டு பேரும் தூங்கிவிடுவோம். பார்த்த கணக்கில் அதைச் சேர்த்துக்கொண்டு, ஜெர்மனிக்கு வந்த புதிதில் அலுவலக நண்பர்களிடம் “எங்கள் ஊரிலும் கோட்டை உண்டு, அகழி உண்டு” என்று அளந்திருக்கிறேன். அகழி உண்டு என்பதையும் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை அமுதாவுக்கு மருத்துவமனையில் பகல் வேலை. அவள் கிளம்பிப் போனதும் மச்சான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பை முந்திரிப்பருப்போடு வந்து நின்றார்.

“கெளம்புங்க மாப்ள.”

“எங்க?”

“பாப்பா வேல பாக்குற எடத்துக்கு.”

“அய்யோ மச்சான், அவ யாரும் வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கா.”

“ஒங்கள வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கும். நான் தாய்மாமன். காது குத்துனப்ப மடியில வெச்சிருந்தவன். மொத மொத வேலைக்குப் போயிருக்கு, தாய்மாமன் போயி ஒரு எட்டு பாக்காம வூட்டுல குந்திகிட்டு இருந்தா ஊருல என்னா பேசுவாங்க?”

“ஊருல யாருக்கு மச்சான் தெரியப் போவுது?”

“நான் சொல்லுவன்ல?”

இந்த வாதத்துக்கு முன்னால் யார் நிற்க முடியும்? ஒரே ஒரு நிபந்தனையோடு கிளம்பினோம். அங்கே அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவளிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மச்சான் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். என் தலைமேல்.

3

கோபுரத்துக்குள் போக ஒரு முறை இருக்கிறது. படி ஒற்றையடிப் பாதை மாதிரி குறுகல். அதனால் ஒரு சமயத்தில் இத்தனை பேர்தான் மேலே இருக்கலாம் என்று கணக்கு. உள்ளே போகிறவர் ஆளுக்கு ஒரு மரவில்லையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். இறங்கியதும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆணியில் வில்லை இருந்தால்தான் அடுத்த ஆளுக்கு அனுமதி. வில்லைகளுக்கு அதிகாரி ஃப்ராவ் பெக்கர், நம் வழக்கில் பெக்கர் அம்மா. அந்தக் கோபுரத்தின் பொறுப்பாளர், வெள்ளை முடியும் நிமிர்ந்த முதுகுமாகக் கோபுரத்துக்குத் தங்கை மாதிரி இருப்பார். கயலுக்கு வேலை உண்டா இல்லையா என்று முடிவு செய்யப்போகிறவரும் அவர்தான்.

கயல் வாசலில் நின்று வில்லை கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் முந்நூறு வருடப் பகை ஒன்று வந்து போனது. நான் அருமையாக நடித்தேன். “குட்டன் டாக்” என்று வணக்கம் சொன்னேன். அவளும் “குட்டன் டாக்” என்றாள். என் சொந்த மகளிடமிருந்து இரண்டு வில்லைகளைப் பெற்றுக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குச் சொல்கிற நன்றியைச் சொன்னேன்.

மச்சான் அவளைத் தாண்டும்போது பக்கத்துச் சுவரைப் பார்த்து, “தலய இன்னுங் கொஞ்சம் எண்ண வெச்சிப் படிய வாரியிருக்கலாம்” என்றார்.

படியில் வைத்துக் கடிந்துகொண்டேன். “செவுத்தப் பாத்துதாங்க சொன்னன். பாப்பாவ ஒண்ணும் சொல்லலியே” என்றார்.

ஏறினோம். மச்சான் முந்திரி மரம் ஏறிய கால்களோடு போய்க்கொண்டே இருந்தார். நான் அறிக்கை எழுதுகிற கால்களோடு பின்னால் போனேன். நின்று இளைப்பாறிய இடத்திலெல்லாம் சுவரில் இருந்த விளக்கப் பலகையைப் படிப்பதாக நடித்தேன். அன்றைக்கு அந்தக் கோட்டையின் முழு வரலாற்றையும் படித்துவிட்டேன், அவ்வளவு இளைப்பு.

உச்சியில் மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். ஆற்று வளைவு, சிவப்புக் கூரைகள், தூரத்தில் எங்கள் ஆலையின் புகைபோக்கி, அதற்குப் பக்கத்தில் மலையைக் குடைந்து வெள்ளையாகக் கிடந்த சுண்ணாம்புக் குழி.

“ஏங்க மாப்ள, இது நம்ம அரியலூரு சொரங்கம் மாதிரியே கெடக்கு!”

“ஆமா மச்சான்.”

“அங்க சைக்கிள்ள போயி பாத்தத இங்க ஏரோப்பிளேன்ல வந்து பாக்குறீங்க. ம்.”

அந்த ‘ம்’முக்குப் பிறகு நல்ல காற்றை அதிகம் வாங்காமல் இறங்கிவிட்டோம்.

கீழே ஃப்ராவ் பெக்கரிடம் வில்லைகளைக் கொடுத்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஒரு பிழையும் நடக்கவில்லை, கயல் காப்பாற்றப்பட்டாள் என்று எனக்குள் ஒரே நிம்மதி. அப்போது மச்சான் இரண்டு கைகளையும் கூப்பி, அந்த அம்மாவிடம் நல்ல தமிழில், “அப்ப நாங்க போயிட்டு வர்றோம்ங்க” என்றார்.

ஃப்ராவ் பெக்கர் பொருள் கேட்பதுபோல என்னைப் பார்த்தார். நான் வெறுமனே ‘ச்சூஸ்’ என்று சொல்லி விடைபெற்றிருக்கலாம். ஆலையில் தினமும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் ஒரு மனிதர் கைகூப்பிச் சொன்னதை நேர்மையாக மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. “விர் கேயென் உண்ட் கொம்மென்” என்றேன். நாங்கள் போகிறோம், வருகிறோம். இந்த முறை இலக்கணத்தில் ஒரு குறையும் கிடையாது.

“இன்றைக்கேவா?” என்று கேட்டார்.

அவர் ஏதோ உபசாரத்துக்குக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். விடைபெறுகிற இடத்தில் நின்றுகொண்டு யாராவது ‘இல்லை’ என்று சொல்வார்களா? “யா, யா” என்றேன்.

அவர் எங்கள் இரண்டு வில்லைகளை மட்டும் எடுத்துத் தனியாக ஓர் ஆணியில் மாட்டினார். நான் அதையும் பார்த்தேன். தூரத்து விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ‘போறேன்’ என்று சொன்னால் என்ன ஆகும் என்பது ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாலிடெக்னிக் பரீட்சைக்குக் கிளம்பிய ஒரு காலையில் நான் வாசலில் நின்று “போறேம்மா” என்று சொல்லித் தொலைத்தேன். “வாயில வர்ற வார்த்தயப் பாரு, உள்ள வாடா” என்று அம்மா இழுத்துக்கொண்டு போய், செருப்பைக் கழற்ற வைத்து, உட்கார வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடி எழுப்பி, சரியான வாக்கியத்தோடு அனுப்பி வைத்தார். நான் தெருமுனைக்கு வந்தபோது ஜெயங்கொண்டம் பஸ் போய்விட்டது. அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

4

கோபுரத்துக்கு எதிரில், புல்வெளி ஓரமாக ஒரு பெஞ்சு. அங்கே உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த புளிசோற்றைப் பிரித்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்று, வயதானவர்கள் கூட்டம் ஒன்றை இறக்கிவிட்டது. வாசலில் வரிசை உருவானது. பாதிப் பேர் உள்ளே போனார்கள். மிச்சம் பேர் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஃப்ராவ் பெக்கர் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

“பாருங்க மாப்ள, எம்மாந் தன்மையான பொம்பள” என்றார் மச்சான். இரண்டு பேரும் கையசைத்தோம்.

அவர் உள்ளே போய் மறுபடி வந்து, இன்னும் வேகமாகக் கையசைத்தார். நாங்களும் வேகமாக அசைத்தோம். மூன்றாவது முறை வந்து மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். மணி கேட்கிறார் என்று நினைத்து, என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, விரல்களால் மணி சொன்னேன். வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். மச்சான் அவர்களுக்கும் சேர்த்துக் கையசைத்தார்.

பிறகு கயல் வந்தாள். புல்வெளியைக் குறுக்கே கடந்து, நேராக எங்கள் முன்னால் வந்து நின்று, முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, பெரியவர்களிடம் பேசுகிற மரியாதை ஜெர்மனில் கேட்டாள். “மன்னிக்கவும் ஐயா. நீங்கள் மறுபடி மேலே வருகிறீர்களா?”

பெற்ற மகளே ‘ஐயா’ என்று கூப்பிட்டதில், புளிசோற்றுக் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். “இல்லையே” என்றேன், நானும் மரியாதையாக.

“நீங்கள் இரண்டு பேரும் வருவதாகச் சொன்னீர்களாம். உங்களுக்காக இரண்டு வில்லைகளை எடுத்து வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் வந்தவர்களில் ஒரு கணவனும் மனைவியும் அதனால் மேலே போக முடியாமல் நிற்கிறார்கள். சத்தம் போடுகிறார்கள்.” இதைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, உதடு அசையாமல், தமிழில் கேட்டாள். “அப்பா, நீ என்னதான் சொன்ன அவங்ககிட்ட?”

சொன்னேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

5

கயல் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே வர, மூன்று பேரும் வாசலுக்குப் போனோம். ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு தாத்தாவும் அவர் மனைவியும் ஃப்ராவ் பெக்கரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே இடம் காலி இருக்கிறது, கீழே நாங்கள் காத்துக்கொண்டிருக்கிறோம், இது என்ன நிர்வாகம் என்பது கேள்வி. ஃப்ராவ் பெக்கரின் முகம் சிவந்திருந்தது.

“இந்த மனிதர் போய்விட்டு வருகிறோம் என்றார். இன்றைக்கா என்று நான் தெளிவாகக் கேட்டேன். ஆமாம் என்றார். அதனால் வைத்திருந்தேன்” என்றார். பிறகு கயல் பக்கம் திரும்பினார். “அவர்களோடு நீ வேறு ஏதோ மொழியில் பேசினாயே. உனக்கு இவர்களைத் தெரியுமா?”

வேலை போகிற இடம் இதுதான் என்று எனக்குப் பட்டது. மகளைக் காப்பாற்ற இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. முந்திக்கொண்டு, “இல்லை, எங்களுக்குத் தெரியாது” என்றேன்.

அதே நொடியில் கயல், “என் அப்பா” என்றாள்.

இரண்டு பதிலும் நடுவழியில் முட்டிக்கொண்டு நின்றன. ஃப்ராவ் பெக்கர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எதுவும் புரியாத மச்சான் பொதுவாகச் சிரித்து வைத்தார்.

“என் அப்பா” என்று கயல் மறுபடியும் சொன்னாள், இந்த முறை வரிசை முழுக்கக் கேட்கும்படி. “இவர் என் மாமா. அவர்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் மொழியில் ‘போகிறேன்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடைக்குப் போனாலும் ‘போய்விட்டு வருகிறேன்’ என்றுதான் சொல்வார்கள். சாவு வீட்டில் மட்டும் சொல்லக் கூடாது. அங்கே ஒன்றுமே சொல்லாமல் கிளம்பிவிட வேண்டும். எங்கள் தாத்தா இறந்தபோது நான் அது தெரியாமல் சொல்லி, ஓர் அத்தை வந்து என் வாயைப் பொத்தினார்.”

அப்போது அவளுக்கு ஐந்தாறு வயதுதான் இருக்கும். விமானத்தில் கொடுத்த ஜூஸைத் தவிர வேறு எதுவும் அவளுக்கு நினைவிருக்காது என்று எண்ணியிருந்தேன்.

“ஆனால் நான் கேட்டேனே, இன்றைக்கா என்று” என்றார் ஃப்ராவ் பெக்கர், விடாமல்.

“நீங்களும் எல்லாரிடமும் ‘அவுஃப் வீடர்ஸேயன்’ என்றுதானே சொல்லி அனுப்புகிறீர்கள்? மறுபடி பார்ப்போம் என்று. இன்றைக்கேவா என்று இதுவரை யாராவது உங்களைக் கேட்டிருக்கிறார்களா?”

நான் தரையைப் பார்த்தேன். முதல் நாளே முதலாளியிடம் எதிர்வாதம் செய்கிற குணம் எங்கள் பரம்பரையிலேயே இல்லை. அமுதா வழியில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் சிரித்தது ஊன்றுகோல் தாத்தாதான். “அவள் சொல்வது சரிதான். என் மருமகன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போகிறான்” என்றார். அவர் மனைவி அவர் முழங்கையில் இடித்தார். ஃப்ராவ் பெக்கர் சிரிக்கவில்லை. தனி ஆணியில் இருந்த இரண்டு வில்லைகளையும் எடுத்துக் கயலின் கையில் வைத்தார். கயல் அவற்றை அந்தத் தம்பதியிடம் கொடுத்தாள். அவர்கள் படியேறிப் போனார்கள்.

மச்சான் இதுதான் சமயமென்று முந்திரிப் பையைப் பிரித்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கைநிறையக் கொடுத்துக்கொண்டு போனார். வறுத்த முந்திரி. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. கடைசியில் ஃப்ராவ் பெக்கரிடம் நீட்டினார். அவர் ஒன்றே ஒன்று எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, இன்னொன்றை எடுத்தார்.

“நாளைக்குக் காலையில் நேரத்தோடு வந்துவிடு” என்றார் கயலிடம். “விடுமுறை முடிகிறவரைக்கும். உன் அப்பாவும் வரலாம். ஆனால் போகிறாரா, வருகிறாரா என்று வாசலிலேயே முடிவு செய்துகொள்ளட்டும்.”

கயல் தலையாட்டினாள். சிரிப்பை அடக்கியதில் அவள் காது சிவந்துவிட்டது. நான் அவளைப் பார்க்காததுபோல நின்றேன், பழக்கதோஷம்.

ஃப்ராவ் பெக்கர் மூன்றாவது முந்திரியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ யோசித்தார். பிறகு கேட்டார். “சரி, உண்மையிலேயே திரும்பி வராமல் போகிறவர்கள் இருப்பார்கள் இல்லையா? அவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போவார்கள்?”

கயலுக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கம் திரும்பினாள். அத்தனை பேருக்கும் முன்னால், சத்தமாக, தன்னுடைய உடைந்த தமிழில் கேட்டாள். “அப்பா, ஒருத்தர் திரும்பி வரவே மாட்டார்னா, அப்ப என்ன சொல்லணும்?”

வாசல் சுவரில் படிக்க ஏதாவது விளக்கப் பலகை இருக்கிறதா என்று நான் தேடினேன்.

மச்சான் காலிப் பையை மடித்துக்கொண்டே பதில் சொன்னார். “அப்பவும் அதேதான் கண்ணு. ஒங்கப்பா மொத மொத இங்க கெளம்புனப்ப அரியலூரு ஸ்டேசன்ல என் கையப் புடிச்சிகிட்டு அதத்தான சொன்னாரு. நானும் நெசமாவே ஒரேயடியா வந்துருவாருன்னு நெனச்சிகிட்டு அவரு வுட்டுட்டுப் போன வண்டிய இன்னமும் தொடச்சி வெச்சிகிட்டு இருக்கன். டயர்தான் ரெண்டு தடவ மாத்திட்டன்.”

குத்திக் காட்டுகிற குரலே இல்லை. வண்டி நல்லபடியாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று தகவல் சொல்கிற குரல்.

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் ஃப்ராவ் பெக்கர்.

கயல் என்னைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, பிசிறில்லாத ஜெர்மனில் சொன்னாள். “அதற்கு எங்கள் மொழியில் சொல் கிடையாதாம்.”

ஃப்ராவ் பெக்கர் மெதுவாகத் தலையசைத்தார். அழகாக இருக்கிறது என்றார்.

மச்சான் என் விலாவில் இடித்தார். “நான் சொன்னத பாப்பா என்னான்னுங்க எடுத்துச் சொல்லிச்சி?”

“நீங்க சொன்னதத்தான் மச்சான்” என்றேன். “ஒரு எழுத்து விடல.”